மீட்டரைப் பார்க்காத மீட்டர் பாய்

கள்ளக்குறிச்சியில் பழைய கார் வைத்திருந்தவர்கள் இரண்டே ரகம். மீட்டர் பாயிடம் கேட்டுவிட்டு வாங்கியவர்கள் ஒன்று. வாங்கிவிட்டு மீட்டர் பாயிடம் கேட்டவர்கள் மற்றொன்று. இரண்டாவது ரகத்தை அவர் திட்டவே மாட்டார். கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பார். அதைத்தான் தாங்க முடியாது.

வண்டி ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரைப் பார்க்காததால்தான் அவருக்கு மீட்டர் பாய் என்று பெயர். ஒல்லியானவரைக் குண்டு என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது. கார் தரகுக்குப் போனால், கதவைத் திறந்ததும் கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்து, பிணத்தின் முகத்தை மூடுவதுபோல மீட்டரை மூடிவிடுவார். "அது சொல்லிக் குடுத்தத சொல்லும் தம்பி. மத்ததெல்லாம் பாத்தத சொல்லும்" என்பார். மத்தது என்றால் பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் பள்ளம், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. அவை முடிந்ததும் காரை விட்டுவிட்டு, விற்கிறவர் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் கேட்பார்.

ஒருமுறை அருமையான அம்பாசடர். எல்லாம் சரியாக இருந்தது. விற்கிறவர் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவிட்டுப் பீரோவைப் படாரென்று சாத்தினார். பாய் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"இன்னா பாய், வண்டி நல்லாத்தானே இருக்குது?" என்றார் வாங்க வந்தவர்.

"பீரோவையே இப்டி சாத்துறான். கார் கதவ இன்னா பாடு படுத்திருப்பான்?"

சின்னசேலத்து ரைஸ்மில்காரர் ஒருவர் நேர் எதிர். "மூணு வருஷமா கொட்டாய உட்டு எடுக்கவே இல்ல பாய். புதுப்பொண்ணு மாதிரி வச்சிருக்கேன்" என்று பெருமையாகக் கூட்டிப்போனார். பாய் பானெட்டைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஓர் எலி அவரை நிதானமாகப் பார்த்தது. அதன் பின்னால் பிள்ளைகள். பாய் சத்தமில்லாமல் பானெட்டை இறக்கினார்.

"வண்டி காலியில்லீங்க. குடித்தனம் இருக்குது."

ஜாஸ்தி ஓடின வண்டியைப் பார்த்துப் பயப்படாதே, ஓடாத வண்டியைப் பார்த்துப் பயப்படு என்பது அவர் கட்சி. நிற்கிற வண்டியில் ரப்பர் காயும், டேங்க் துருப்பிடிக்கும், எலி வரும். இதெல்லாம் காரைப் பற்றி என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு வயது முப்பது. பி.ஏ. முடித்துவிட்டு, சர்க்கார் வேலை வீடு தேடி வரும் என்று வீட்டிலேயே இருந்தேன். நான் வெளியே போன நேரம் பார்த்து அது வந்துவிட்டால்? நைனார்பாளையத்தில் ஒரு புளி வியாபாரியின் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அந்தப் பெண் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"கார் ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் இருக்கு."

"நான் அதக் கேக்கல."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் என்று முடிவு செய்திருந்தேன். புளிக்காரரோ மலையிலிருந்து புளி இறக்க ஒரு பழைய ஜீப் தேடிக்கொண்டிருந்தார். பாயிடம் ஜீப்பைப் பற்றிக் கேட்டவர், அதே மூச்சில் என்னைப் பற்றியும் கேட்டுவிட்டார்.

"ஜீப் பாக்கலாங்க. பையன்தான்..." பாய் யோசித்தாராம். "மீட்டர் கம்மி. வூட்டு நெழல்லியே நின்னுகினு இருக்குது."

மறுநாளே புளிக்காரர் "பாத்து சொல்றோம்" என்று ஆள் அனுப்பிவிட்டார். நான் நேராகப் பாய் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"கோவம் வருதே! அப்ப பேட்டரி இருக்குது. நாளைக்கி காலையில கல்வராயன் மலைக்கி வா. ஒரு ஜீப்பு பாக்கணும்."

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. காலையில் கிளம்பும் பஸ் எங்கே நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. சாலையோர மரம் சாலையின் குறுக்கே படுத்திருக்கும். நாங்கள் போன முதல் பஸ் எப்படியோ வெள்ளிமலை ஏறிவிட்டது. அங்கிருந்து நடந்தோம்.

ஜீப்பின் சொந்தக்காரர் வெள்ளையன், சாமை விதைக்கிறவர். மூட்டை இறக்கி, ஆள் ஏற்றி, அந்த ஜீப் ஓடாத ஓட்டமில்லை. மீட்டர் என்றோ நின்றுபோயிருந்தது. பாய் வழக்கம்போல அதற்கும் கைக்குட்டை போட்டார். பெடலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பிறகு தொழுவத்துக்குப் போய் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பாய், நாம வந்தது ஜீப்பு பாக்க."

"அதத்தான் பாத்துகினு இருக்கேன். வருஷம் பூரா ஏர் ஓட்டுற மாடு. கழுத்துல ஒரு புண்ணு இருக்குதா பாரு. இவரு கையில எது இருந்தாலும் நல்லா இருக்கும்."

ஜீப்பைப் புளிக்காரரிடம் காட்ட மூவரும் கிளம்பினோம். பாய் சாவியை என் கையில் வைத்தார்.

"பாய், நான் ஓட்டி எட்டு வருஷம் ஆவுது."

"லைசென்ஸ் இருக்குதுல்ல?"

வெள்ளையன் என்னை ஒருமுறை பார்த்தார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். எப்போது வேண்டுமானாலும் குதிக்கிற மாதிரி ஒரு காலை வெளியே தொங்கவிட்டிருந்தார்.

"எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல எறங்கு. பிரேக்க மிதிச்சிகினே போவாத" என்றார் பாய். அதற்குப் பிறகு அடிவாரம் வரை கண்களை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

மலை முழுக்க மெதுவாக உருட்டி இறக்கிவிட்டேன். சமதரைக்கு வந்ததும் எனக்குத் தைரியம் வந்தது, அதுதான் ஆபத்து. கச்சிராயபாளையம் நெருங்கும் வளைவில் திரும்பினால், எதிரே சாலையின் குறுக்கே ஒரு புளியமரம். இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். ஜீப் கத்தியது, வெள்ளையன் கல்லோடு குதித்தார். மரத்தின் கிளை பானெட்டை லேசாகத் தடவிக் கொடுத்தது. நின்றுவிட்டோம்.

போராட்டக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "வண்டி போவாது. எறங்கிக் குந்துங்க."

"எவ்ளோ நேரம்ங்க?" என்றேன்.

"நாங்க எத்தினி வருஷமா குந்திகினு கேக்குறோம்? நீ ஒரு சாயங்காலம் குந்து."

நியாயமாகத்தான் பட்டது. இறங்கினேன். மரத்துக்கு இந்தப் பக்கம் குந்தினேன். அப்போதுதான் பார்த்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம், நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார் நைனார்பாளையத்துப் புளிக்காரர். நாங்கள் வரும்வரை பொறுக்காமல், ஜீப்பைப் பார்க்க அவரே மலைக்குப் புறப்பட்டு வந்தாராம். ஜீப்பைப் பார்க்காமல், விழுந்த மரத்தை வருத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா காய்க்கிற மரம் பாய்" என்றார். பிறகுதான் என்னைக் கவனித்தார். "மலையில இருந்து ஓட்டியாந்தது யாரு?"

பாய் கிளைகளை விலக்கி அந்தப் பக்கம் போனார். புளிக்காரர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்சமிருந்த மோரைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டேன். ரெண்டையும் எடுத்துக்கலாம்."

ஜீப் பல வருடம் புளி சுமந்தது. நான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி என்கிறாள் என் மனைவி.

பாய் போய்ப் பல காலம் ஆகிறது. இப்போதும் யாராவது பழைய கார் பார்க்கக் கூப்பிட்டால் போகிறேன். கதவைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து மீட்டர்மேல் போடுகிறேன். போட்டதும் கண்ணைத் துடைக்க அதையே எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நான் மட்டும் எப்போதும் மீட்டரைப் பார்த்துவிடுகிறேன்.