ஐந்து மணி உயிரியல் வகுப்பு

என் மகளை உயிரியல் மேதை ஆக்குவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு முடிவு செய்தேன். பத்து இருபதுக்கு, அவளை உயிரியல் போட்டிக்கு அனுப்பப்போவதாக மனைவியிடம் அறிவித்தேன். பத்து இருபத்தொன்றுக்கு அவள் சொன்னாள்:

"முதல்ல பின்னால காயற துணிய எடுத்துட்டு வாங்க."

மேதைகளின் தகப்பன்மார்களும் துணி எடுத்திருப்பார்கள். எடுத்துவந்து மடித்தும் வைத்தேன். அதன் பிறகே பேச்சுவார்த்தை தொடங்கியது.

"போட்டி எப்போ?"

"நாலாம் படிவத்துல, பதினாறு வயசாகறப்போ எழுதலாம்."

"சாந்தினி இப்போ எத்தனாவது?"

"ஒண்ணாம் படிவம்."

"மூணு வருசம் இருக்கு லா!"

"அதான் விசயமே, பிரேமலா. மத்தவங்க மூணு மாசத்துக்கு முன்னால ஆரம்பிப்பாங்க. நாம மூணு வருசத்துக்கு முன்னால."

பிரேமலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ பொறந்தப்போ மூணு மாசம் கழிச்சு வந்தீங்க. இப்போ மூணு வருசம் முன்னாலயே வர்றீங்க. நல்ல முன்னேற்றம்தான்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. சாந்தினி பிறந்ததிலிருந்து பதினொரு வருடம் நான் கத்தாரில் ஓர் எரிவாயு ஆலையில் இருந்தேன். வருடத்துக்கு இரண்டு முறை பெரிய பெட்டியோடு வருவேன், சிறிய பெட்டியோடு போவேன். மற்ற நாளெல்லாம் போன். "சாப்டியாம்மா?" "சாப்டேன்பா." "படிக்கிறியா?" "படிக்கிறேன்பா." இப்போது திரும்பிவந்து இங்கே தம்போயில் ஒரு பட்டறையில் வேலை. நாலரைக்கெல்லாம் வீடு. ஆனால் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தும் எங்களுக்குள் அதே நான்கு வரிதான். லைன் மட்டும் தெளிவாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியது பதக்கம் இல்லை. தினம் ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார ஒரு காரணம். இதைப் பிரேமலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். இல்லாவிட்டால் அழுவாள். எனக்கு இரண்டையும் சமாளிக்கத் தெரியாது.

புத்தகம் ஒன்று வாங்கினேன். படிக்காவிட்டாலும் தூக்கி வைத்தால் தோள்பட்டை பலப்படும், அந்தக் கனம். சுவரில் அட்டவணை ஒட்டினேன். ஐந்து முதல் ஆறு வரை உயிரியல். ஆசிரியர்: அப்பா.

ஒரே ஒரு சிக்கல். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி என்று வளர்ந்தவன் நான். வயிறு எனக்குத் தமிழில் தெரியும். நரம்பு மண்டலம் மலாயில் தெரியும், அதுவும் முப்பது வருடத்துக்கு முந்தியது. புத்தகத்தில் இரண்டுமே ஆங்கிலத்தில் இருந்தன.

ஆனாலும் சாந்தினி அருமையான மாணவி. எது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"தெரியலப்பா. நீங்களே சொல்லுங்க."

இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்க எந்தத் தகப்பனுக்குக் கசக்கும்? சொன்னேன். "செடி பகல்ல மட்டும்தான் மூச்சு விடும்மா."

"அப்போ ராத்திரி மூச்சு முட்டாதாப்பா?"

யோசித்தேன். புத்தகத்தைப் புரட்டினேன். செடி ராத்திரியும் மூச்சு விடுகிறது என்று போட்டிருந்தது. "நல்ல கேள்வி" என்றேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் உலகம் முழுக்க இதைத்தான் சொல்கிறார்கள்.

ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. நான்கு வரிப் பேச்சு நாற்பது வரியானது. சில நாள் ஆறு மணி தாண்டியும் இருவரும் எழுந்திருக்க மாட்டோம். "தேத்தண்ணி ஆறுது" என்று பிரேமலா உள்ளேயிருந்து கத்துவாள். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. அடுத்த கட்டம் செய்முறைப் பயிற்சி என்று தீர்மானித்தேன்.

அங்கேதான் இடறினேன். புரட்டாசி பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

பசாரில் ஆட்டிறைச்சி விற்கும் ஐயாசாமி கடையில் அன்று ஈயும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, புரட்டாசியிலயா?"

"ஒரு இருதயம் வேணும். சாப்பிட இல்ல, படிக்க."

"இந்த மாசத்துல வாங்கறவங்க ஆயிரம் காரணம் சொல்வாங்கண்ணே. இது புதுசு" என்று, யாரும் பார்க்காதபடி மூன்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் பிரேமலா.

"என்ன பொட்டலம்?"

"இருதயம்."

"யாருது?"

"ஆட்டோடது. பாடத்துக்கு."

"சிவசிவா! கிச்சன் வாசப்படி தாண்டக் கூடாது. ஆடும் தாண்டக் கூடாது, நீங்களும் தாண்டக் கூடாது. முடிச்சிட்டு, குழாயடியில குளிச்சிட்டு உள்ள வாங்க."

கார் நிறுத்தும் இடத்தில் செய்தித்தாளை விரித்தேன். சாந்தினி எதிரே சம்மணம் போட்டாள். இருதயத்தை நடுவால் பிளந்து இரண்டு பாதியாக வைத்தேன். ஒன்றின் சுவர் தடிப்பு, மற்றது மெல்லியது.

"பாத்தியாம்மா? தடிப்பா இருக்கே, இது வலது பக்கம்" என்றேன், கத்தாரில் ஆலையைச் சுற்றிக்காட்டி விளக்கம் சொல்லும் குரலில்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு செல்வராணி அக்காவின் பூனை சுவரேறிக் குதித்தது. அக்கா புரட்டாசியில் சுத்த சைவம். பூனைக்கும் அதே சட்டம். ஐந்து நாளாகத் தயிர்சாதம் தின்ற அந்தப் பிராணி, தடித்த பாதியைக் கவ்விக்கொண்டு பறந்தது.

சாந்தினி குதித்தெழுந்து கத்தினாள். "அப்பா! பூனை இடது வெண்ட்ரிக்கிளத் தூக்கிட்டுப் போகுதுப்பா!"

"அலாமாக்!" என்றார் செல்வராணி அக்கா சுவருக்கு மேலே. "அது விரதத்தக் கெடுத்துட்டீங்களே தம்பி!"

நான் பூனையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தேன்.

"இடதா? வலதுன்னுதானே சொன்னேன்?"

"தடிச்ச சுவர் இடதுப்பா. அதுதான் ஒடம்பு பூரா ரத்தத்தத் தள்ளணும். வலது பக்கம், கிட்டயே இருக்கற நுரையீரலுக்குத்தானே தள்ளுது, அதுக்கு இந்த மெல்லிசு போதும். மூணு இதழ் வால்வு இந்தப் பாதியிலதான்..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்த வாயாலேயே, "தெரியலப்பா. நீங்களே சொல்லுங்க" என்றாள்.

குழாயடியில் குளித்தேன். ஈரத்தோடு நேரே பிரேமலாவிடம் போனேன். சாந்தினி படிக்கும் பள்ளியிலேயே அவள் அலுவலகக் கிளார்க். அங்கே யார் தும்மினாலும் அவளுக்குத் தெரியும்.

"இவளுக்கு எல்லாம் தெரியுமா?"

"எல்லாம்னா?"

"புத்தகம்!"

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க புத்தகத்த ரெண்டு தடவ முடிச்சிட்டா. ஸ்கூல்ல வாசுகி டீச்சர் நடத்தற உயிரியல் கிளப்புல இவதான் முதல்."

"அப்புறம் எதுக்குத் தெரியல தெரியலன்னு சொல்றா?"

"நானும் கேட்டேன். 'தெரியும்னு சொன்னா அப்பா எழுந்து போயிடுவாரும்மா'ன்னா."

கத்தி பலகையில் டொக் டொக் என்றது. ஆட்டுடையதா என்னுடையதா தெரியவில்லை, ஓர் இருதயம் அந்தச் சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

"தல துவட்டுங்க, சளி பிடிக்கும்" என்றாள் அவள், நிமிராமலே.

அன்று நான் இன்னொரு முடிவு எடுத்தேன். இந்த முறை யாருக்கும் அறிவிக்கவில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளை எனக்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்றால், நாற்பத்தெட்டு வயதுக்காரன் அவளுக்காக நடிக்க முடியாதா? நான் மண்டு ஆகிவிட வேண்டியது. அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுத்தால் பாடம் மனதில் நிற்கும். போட்டிக்கும் ஆயிற்று, எனக்கு ஒரு மணி நேரமும் ஆயிற்று.

மறுநாள் ஐந்து மணி. "வயசாச்சும்மா, எல்லாம் மறந்துபோச்சு. கிட்னி எதுக்கு ரெண்டு? ஒண்ணு ஸ்பேரா?"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். படம் போட்டு விளக்கினாள். விரலால் என் முதுகில் இடம் காட்டினாள். நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். "இல்லப்பா, மறுபடி பாருங்க" என்பாள், பொறுமையாக. சில நேரம் வேண்டுமென்று சொல்லாமலும் தப்பாகிவிடும். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் இப்படியே. கலையுலகம் ஒரு பெரிய நடிகனை இழந்துவிட்டது என்று நானே என்னைத் தட்டிக்கொடுத்தேன். இந்த வீட்டில் முதல் தடவையாக இரண்டு பெண்களையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

புரட்டாசி முடிந்த மறுநாள் பிரேமலா பள்ளியிலிருந்து ஒரு கோப்போடு வந்தாள்.

"உங்க கையெழுத்து வேணுமாம். வாசுகி டீச்சர் நாளைக்குக் கேக்கறாங்க."

"என்னது?"

"கிளப் பிள்ளைங்க ஒவ்வொருத்தரும், அடிப்படையே தெரியாத ஒருத்தரப் பிடிச்சு நாலு மாசம் சொல்லிக்கொடுக்கணும். அறிக்கை எழுதணும். போட்டிக்கு அதான் முதல் பயிற்சி."

திறந்தேன். சாந்தினியின் குண்டுக் கையெழுத்து. மலாயில் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

மாணவர்: அப்பா. தொடக்கம்: ஜூலை. அடிப்படை அறிவு: மிகக் குறைவு. முறை: தெரியாததுபோல் கேள்வி கேட்டு, மாணவரே தம் தவறைக் கண்டுபிடிக்கச் செய்தல். கவனிக்க: மாணவர் தம்மை ஆசிரியர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த எண்ணத்தைக் கலைக்க வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார். கடைசி மூன்று வாரமாக மாணவர் தெரியாததுபோல் நடிக்கிறார். பெரிய வித்தியாசம் இல்லை.

அதன் கீழே தனியாக ஒரு வரி. வருகை: நூறு விழுக்காடு. ஒரு நாளும் தவறவில்லை.

அந்த வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன். எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் இரண்டு கால்கள், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன.

தொண்டையைச் செருமிக்கொண்டு பேனாவைத் திறந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் குடும்பத் தலைவன் நான்தானே. 'பெற்றோர்' என்று போட்ட கோட்டுக்குப் பேனாவைக் கொண்டுபோனேன்.

"அங்க நான் போட்டாச்சு" என்றாள் பிரேமலா. "நீங்க 'மாணவர்'ங்கற இடத்துல போடுங்க."