ஜூரிக்குப் போன இடத்தில் ஒரு சம்பந்தி

பேரன்புக்குரிய நாகேஸ்வரி அக்காவுக்கு,

இல்ஃபோர்டிலிருந்து உங்கள் ஒரே தம்பி குகநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஹம்சாவும் உடம்பால் சுகம். மனதால் சுகமா என்பது இந்தக் கடிதத்தை நீங்கள் கடைசிவரை வாசிப்பீர்களா என்பதைப் பொறுத்தது. கோபத்தில் கிழித்தெறியவும் ஏலாது, ஏனென்றால் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டாவது வசனத்துக்கு வர முன்னமே நீங்கள் மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிடுவீர்கள். இது அப்படிக் குறுக்கே விழக்கூடிய கதை அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் மயூராவுக்குப் பார்க்கிங் ஊரிலிருந்து வந்த சம்பந்தத்தைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி நீங்கள் என்னிடம் ஒப்படைத்ததை நான் மறக்கவில்லை. அத்தான் இல்லாத வீட்டில் தாய்மாமன்தான் முன்னுக்கு நிற்க வேண்டும் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கலியாணம் பேசுகிற இம்மாகுலேற் அக்காவுக்கு ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும், தவறினால் அவ அந்தப் பொடியனை லூட்டனில் இருக்கிற இன்னொரு பிள்ளைக்குப் பேசிவிடுவா என்பதும் தெரியும். பிள்ளைக்கு முப்பத்தொரு வயது; இந்தச் சம்பந்தமும் தவறினால் நீங்கள் நித்திரையில்லாமல் கிடப்பீர்கள் என்பதும் தெரியும். அந்த வாரம் பார்த்து எனக்கு ஜூரிக்கு வரச்சொல்லி அரசாங்கத்திலிருந்து அழைப்பு வந்தது என் குற்றமா? நீங்களோ, "கோட்டாம், ஜூரியாம்! உன்னட்டை ஆரடா தீர்ப்புக் கேட்டது?" என்று போனை வைத்துவிட்டீர்கள். நியாயமான கேள்விதான். இந்த வீட்டில் குழம்புக்கு உப்புக் காணுமா என்றுகூட என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. பஸ் கராஜில் ஷிப்ட் போடுகிற எனக்கு, என் சொந்த லீவை முடிவுசெய்கிற அதிகாரம்கூட இல்லை. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு ஒரு மனிதன் குற்றவாளியா சுற்றவாளியா என்று சொல்லச் சொன்னால் நான் எப்படிப் போகாமல் இருப்பேன்? கோட் சூட் போட்டேன். ஹம்சா வாசலில் நின்று, "என்னங்க, உங்களைத்தான் விசாரிக்கப்போறாங்க போல இருக்கு, டையைக் கழட்டிட்டுப் போங்க," என்று திருச்சித் தமிழில் வாழ்த்தி அனுப்பினாள்.

அங்கே போனால், அக்கா, கோயில் அன்னதான வரிசை தோற்றுவிடும். பையைச் சோதித்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, ஒரு பெரிய அறையில் இருக்க விட்டார்கள். எல்லா நிறத்திலும் எல்லா வயதிலும் சனம். ஒருவரை ஒருவர் பாராமல் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பிறகு ஒரு வீடியோ போட்டார்கள். ஜூரியாக இருப்பவர்கள் தாங்களாகப் போய் ஒன்றையும் விசாரிக்கக்கூடாது, கூகிளில் தேடக்கூடாது, அக்கம்பக்கத்தில் கேட்கக்கூடாது, கோட்டில் சொல்வதை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று அதில் ஒரு பெண் மிகவும் கனிவாகச் சொன்னா. எனக்குப் பெரிய ஆச்சரியம். நாங்கள் ஒரு வீட்டுக்குப் பெண் கொடுப்பதற்கே தகப்பன் வழி, தாய் வழி, வேலைத்தலம், கோயில், பக்கத்து வீடு, பழைய வாடகை வீடு என்று ஆறு இடத்தில் கேட்கிறோம். இவர்கள் ஒரு மனிதனை மறியலில் அடைக்க ஒரு இடத்திலும் கேட்கக்கூடாது என்கிறார்கள்!

வீடியோ முடிய நான் தேத்தண்ணி மெசினடிக்குப் போனேன். அங்கே எங்கள் ஆள் ஒருவர் எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியாமல் நின்றார். அறுபது வயது இருக்கும், நல்ல உயரம், மீசை. கண்ணும் கண்ணும் சந்தித்தவுடன் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "ஊரில எவடம்?" என்றோம்.

அவர் அளவெட்டி. நான் கோண்டாவில், இருப்பது இல்ஃபோர்ட் என்றேன். இப்போது எங்கே என்று கேட்டேன். "பார்க்கிங்," என்றார். அக்கா, நான் வேறு என்ன செய்ய? தெய்வமே கொண்டுவந்து தேத்தண்ணி மெசினடியில் நிறுத்தியிருக்கும்போது கேளாமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிப்பீர்களா? ஆனால் சம்பந்தம் விசாரிக்கும்போது சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. அது அப்பா காலத்து விதி. ஆர் விசாரிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். ஆகவே நான், "என்ரை பேர் முருகேசன்," என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "நான் ராஜீவ்," என்றார். அந்த வயது அளவெட்டி மனிசருக்கு ராஜீவ் என்று பெயரா என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்ததுதான். பிறகு, எனக்கென்ன, என் பெயரும்தான் முருகேசன் என்று விட்டுவிட்டேன்.

முதலில் பொடியனின் தகப்பனைப் பற்றி மெல்லத் தொடங்கினேன். "அண்ணை, பார்க்கிங்கில நித்தியானந்தன் எண்டு ஒராள், பிரான்சில இருந்து வந்து பிளம்பிங் செய்யிறவராம். தெரியுமோ?"

"தெரியாமல் என்ன! அருமையான மனிசன்," என்றார். "குடி இல்லை. ஒருத்தரிட்டையும் கை நீட்டுறேல்லை. பாக்கிறதுக்கும் நல்ல எடுப்பான ஆள்."

"கோவதாபம் ஏதும்?"

"சாது. குறட்டை மட்டும் கொஞ்சம் கூட."

"குறட்டை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் தேத்தண்ணியைக் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டார். "பெண்சாதி எல்லாருக்கும் சொல்லித் திரியிறவ," என்றார். எனக்கு முழுத் திருப்தி. குறையும் சேர்த்துச் சொல்கிறார் என்றால் உண்மையைத்தான் சொல்கிறார். பொடியனைப் பற்றி அடுத்ததாகக் கேட்கலாம் என்று வாயைத் திறக்க, அவர் முந்திவிட்டார்.

"தம்பி முருகேசு, நீர் இல்ஃபோர்ட் எண்டதால கேக்கிறன். நோர்பரியில நாகேஸ்வரி எண்டு ஒரு மனிசி. அவவின்ரை தம்பி ஒராள் உங்கட பக்கம்தான், குகநாதன் எண்டு. வாய் கூடின ஆளாம். வீட்டுக்குள்ள கதைச்சது விடிய முன்னம் ஹரோ வரைக்கும் போயிடுமாம். உண்மையோ?"

அக்கா, என் நிலையை யோசித்துப் பாருங்கள். என்னைப் பற்றி என்னிடமே! ஒருகணம் பெயரைச் சொல்லிவிடலாமா என்று வந்தது. ஆனால் உங்கள் குடும்பத்தின் மானம் அந்தத் தேத்தண்ணிக் கோப்பையில் ஆடிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து சொன்னேன்: "பொறாமையில சொல்லுறாங்கள் அண்ணை. குகநாதன் வாயே திறவாத மனிசன். நல்ல அறிவாளி. தலைமயிர் கொஞ்சம் கொட்டுண்டாலும் கம்பீரமான ஆள்."

அவர் என் தலையை ஒருதரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "அதை விடும். பிள்ளை எப்பிடி?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை. "மயூராவோ? கொஞ்சம் முன்கோவக்காரி. காலமை எழும்பாள். சமையல் கேக்காதேயுங்கோ. ஆனால் தாய்க்கு முழங்கால் ஒப்பரேசன் நடந்தபோது பார்மசி வேலைக்கு லீவு போட்டு, தாய் நடக்கிற வரைக்கும் பக்கத்தை விட்டு அரக்கேல்லை. தாய் ஏசினால் திருப்பி ஏசுவாள், ஆனால் கையை விடமாட்டாள்," என்றேன். அவர் மீசையைத் தடவினார்.

அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஜூரி அலுவலர் அம்மா மைக்கைப் பிடித்தா. ஒரு வழக்குக்கு ஆட்கள் வேண்டுமாம், பெயர் கூப்பிடக் கூப்பிட எழுந்து வரவேண்டுமாம். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பிறகு கணீரென்று, "குகநாதன்!"

நான் எழும்பவில்லை. எழும்பினால் மயூராவின் கலியாணம் அந்த இடத்திலேயே முடிந்தது. முருகேசனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு மெசினைப் பார்த்தேன். இரண்டாம் முறையும் கூப்பிட்டா. "ராஜீவ்" அண்ணை திடுக்கிட்டு அறை முழுக்கக் கழுத்தைச் சுற்றினார். "அந்த ஆளும் இஞ்சதான் இருக்கிறான் போல," என்று என் காதுக்குள் சொன்னார். "இருக்காது அண்ணை, வேறை குகநாதன்," என்றேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டா அந்த அம்மா: "நித்தியானந்தன்!"

இந்த முறை நான் கழுத்தைச் சுற்றினேன். ஒருவரும் எழும்பவில்லை. பக்கத்தில் பார்க்கிறேன், "ராஜீவ்" அண்ணை வெறும் கோப்பையை வாயில் வைத்து இல்லாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா, அந்த நிமிடம் எந்த எதிரிக்கும் வரக்கூடாது. இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் இரண்டு பேரும் அசையவில்லை. அலுவலர் அம்மா கண்ணாடியைக் கழற்றி, காலையில் பதிவு செய்த இரண்டு பேரைக் காணவில்லை, வராவிட்டால் நீதிபதிக்கு அறிவிக்க நேரிடும் என்று சொன்னா. தீர்ப்புச் சொல்லப் போனவன் கூண்டில் நிற்கப்போகிறேன் என்று வியர்த்தது. பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, காலையில் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவ, என் தோளை ஊசியால் தட்டி, "டார்லிங், அது நீங்கள்தானே?" என்று முழு அறைக்கும் கேட்கக் கேட்டா.

இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினோம்.

எங்களை நீளமான நடைபாதை வழியாகக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவடியில் அவர், "முருகேசன், முன்னுக்குப் போம்," என்றார். "மூத்த ஆள், ராஜீவ் அண்ணை, நீங்கள் போங்கோ," என்றேன்.

கோட்டுக்குள் எழுத்தர் ஒருவர் பெயர் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து ஒவ்வொன்றாய் எடுத்து வாசித்தார். அக்கா, அத்தனை பேரில் என் அட்டையும் வந்தது. அடுத்ததாக அவருடையதும் வந்தது. பக்கத்துப் பக்கத்துக் கதிரை. சத்தியம் செய்வதற்கு முன், நீங்கள் இந்த வழக்கில் இருக்கக்கூடாது என்பதற்கு ஏதும் காரணம் இருக்கிறதா என்று நீதிபதி அம்மா கேட்டா. நித்தியானந்தன் அண்ணை கையைத் தூக்கினார். இந்த மனிதன் பொய்க்காரன், இவனை நம்பி ஒருவரை மறியலுக்கு அனுப்பாதேயுங்கோ என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சம்பந்தம் போனால் போகட்டும், உங்களிடம் எப்படி முகம் காட்டுவேன் என்று யோசித்தேன்.

அவர் என்னைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: "இவர் என் உறவினர், அம்மா."

"என்ன முறை?"

"இன்னும் ஆகவில்லை. ஆகப்போகிறது. என் மகனுக்கு இவருடைய அக்கா மகளைக் கலியாணம் செய்து வைக்கிறோம்."

"எவ்வளவு காலமாக இவரைத் தெரியும்?"

"இன்று காலையிலிருந்து."

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தா. என்னைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டா. "எங்கட ஆக்களுக்கு அது தாராளமான நேரம், அம்மா," என்றேன். முழுக் கோட்டும் சிரித்தது. கூண்டில் நின்றவரும் சிரித்ததைக் கண்ணால் கண்டேன், பாவம். வாழ்த்துகள் சொல்லி இரண்டு பேரையும் திரும்பக் காத்திருக்கும் அறைக்கு அனுப்பிவிட்டா.

வெளியே வந்து கேட்டேன். "அண்ணை, இவ்வளவு பொய் சொன்ன என்னோடை ஏன் சம்பந்தம்?"

"நானும்தான் சொன்னனான். அதுக்குச் சரியாப் போச்சு," என்றார். "ஆனா உம்மைப் பற்றிச் சொல்லேக்கை ஒரு குறையும் சொல்லேல்லை. அதெல்லாம் பொய். பிள்ளையைப் பற்றிக் குறையோடை சொன்னீர். அது உண்மை. என்ரை மகன் ஹரிசனுக்குக் கேக்கிறதுக்கு அதுவே எனக்குப் போதும்."

இதுதான் அக்கா என் விசாரணையின் முடிவு. ஆறு இடத்தில் கேட்கவில்லை, ஒரே இடத்தில் கேட்டேன். ஆனால் மகாராசாவின் நீதிமன்றத்தில், நீதிபதி முன்னிலையில், எழுத்தில் பதிவாகிச் சம்பந்தம் முற்றாகிவிட்டது. இம்மாகுலேற் அக்காவுக்கு ஓம் என்று சொல்லிவிடுங்கோ. கூறைச் சேலைக்கு நான் பொறுப்பு. அத்தானின் படத்துக்கு என் பெயரில் ஒரு பூ வையுங்கோ. மயூராவுக்கு மாமாவின் ஆசி என்றும் உண்டு. உங்கள் முழங்கால் குளிரில் குத்தாமல் இருக்க முருகனை மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
ஜூரிக்குத் தகுதியில்லாவிட்டாலும் உங்களுக்குத் தகுதியான தம்பி,
குகநாதன்

பிற்குறிப்பு: அக்கா, அனுப்பப் போக ஹம்சா தடுத்துவிட்டாள். நீங்கள் கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கோ. இம்மாகுலேற் அக்கா தந்த நம்பரில் மயூராவும் ஹரிசனும் தங்கள்பாட்டில் கதைத்து, போன சனிக்கிழமையே ஸ்ட்ராட்ஃபோர்டில் கோப்பி குடித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருமனதாக வேண்டாம் என்று முடிவெடுத்து விட்டார்களாம். "ஹி இஸ் ரியலி நைஸ், மாமி, பட் நோ. அவருக்கும் சேம். அம்மாக்கு நீங்க சொல்லுங்கோ பிளீஸ்," என்று மயூரா ஹம்சாவிடம் சொல்லியிருக்கிறாள். தகப்பனையும் மாமனையும் இவ்வளவு விசாரித்த எங்களுக்கு, அந்த இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பிள்ளையை நெருக்க வேண்டாம். ஆனால் எனக்கு வேறொரு சிக்கல். நாளைக்கும் எங்கள் இருவரையும் கோட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். அதே நீதிபதி வந்து கலியாணம் எப்போது என்று கேட்டால் நான் என்ன சொல்ல? நித்தியானந்தன் அண்ணையோ இன்னும் ஒன்றும் அறியாமல், என் மதியச் சாப்பாட்டையும் தன் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாறன் என்று இப்போதுதான் மெசேஜ் போட்டிருக்கிறார். கணவாய்க் கறியாம். நீங்கள் யாருக்கும் எதையும் நாளை பின்னேரம் வரைக்கும் சொல்லவேண்டாம், அக்கா. சாப்பிட்ட பிறகு நானே அவருக்குச் சொல்லுறன்.