வாத்துக்குக்கூடக் கயிறு கட்டத் தெரியாதவன்

கேப்டன் பார்ட்டோலோ தொப்பியைக் கழற்றி எறிந்தது ஜன்னலைக் குறிபார்த்துத்தான். அது போய் விழுந்ததென்னவோ அடுப்பில் வெந்துகொண்டிருந்த இறால் சோற்றில்.

அவர் மனைவி நெட்டி கரண்டியால் தொப்பியைத் தூக்கி, ஒட்டியிருந்த இறாலைத் திரும்பச் சட்டிக்குள் தட்டிவிட்டு, கொடியில் மாட்டினாள்.

"யாருக்குக் கிடைச்சுதாம்?"

"ஹோய்ட்டுக்கு."

மேபோர்ட் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்களைக் கரையில் அணைக்கவும் விலக்கவும் இழுவைப் படகுகள் வேண்டும். டெண்டர் விட்டு வாடகைக்கு எடுப்பார்கள். பல வருஷமாக அந்த வேலையைச் செய்தவை பார்ட்டோலோவின் ரோசாலியாவும் குட்டி ரோசாலியாவும்தான். இப்போது அது கைவிட்டுப் போனால் குட்டியை விற்க வேண்டும். இன்ஜின் பார்க்கிற ரூஃபஸ் முதற்கொண்டு பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ரூஃபஸின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதைவிட, கடலில் குதித்துக் கப்பலைக் கையாலேயே தள்ளிவிடலாம் என்று நினைக்கிற மனுஷர் அவர்.

ஹோய்ட் சவானா ஊர்க்காரர். அவருடைய படகுகள் எல்லாம் தவளைப் பச்சை, எல்லாமே சவானாவில் ஓயாத வேலையில் இருந்தன. மேபோர்ட் பக்கம் அவருக்கு ஒரு துடுப்புகூடக் கிடையாது. ஒரு தடவை இறால் திருவிழாவில் ரோசாலியாவைக் காட்டி, "இது படகா, மிதக்கிற சமையல்கட்டா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பார்ட்டோலோ வீட்டில் பச்சை பீன்ஸ்கூட வேகவில்லை.

"போகட்டும் விடு பார்ட்டோ. ஏதாவது வழி பிறக்கும்," என்றாள் நெட்டி. கப்பலை இழுப்பது அவர் வேலை. டெண்டர், கடிதம், கையெழுத்து எல்லாம் நெட்டிதான். கம்பெனியில் பாதி அவள் பேரில்.

பார்ட்டோலோ விடவில்லை. ஜாக்சன்வில்லில் டபிதா என்ற வக்கீலம்மாவைப் பிடித்தார். டெண்டரில் தப்பு நடந்திருந்தால் வாஷிங்டனில் ஓர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அது தீரும்வரை பழைய ஆளே வேலையைத் தொடரலாம் என்று டபிதா விளக்கினாள்.

கூட வந்திருந்த நெட்டி நிமிர்ந்தாள். "அதுவரைக்கும் நம்ம படகுதான் ஓடுமா? அதே வாடகைக்கா?"

"ஆமா."

"அப்ப போட்டுடு பார்ட்டோ. நல்லா நீளமா எழுது."

பெண்டாட்டி இவ்வளவு சீக்கிரம் தன் பக்கம் வந்ததில் பார்ட்டோலோவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஹோய்ட்டிடம் மேபோர்ட்டுக்கென்று படகே இல்லை, இல்லாத படகுக்கு எப்படி வேலை கொடுத்தீர்கள் என்று புகார் போயிற்று.

கடற்படை பதில் அனுப்பியது. போட்டியாளரின் ரகசியங்களை வக்கீல் மட்டும்தான் பார்க்கலாம், கட்சிக்காரரிடம் மூச்சுவிடக் கூடாது என்பது சட்டம். டபிதா அதற்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். பார்ட்டோலோவுக்கு வந்த பிரதியில் வரிக்கு வரி கறுப்பு மை. 'ஹோய்ட் வாடகைக்கு எடுத்துக் கொண்டுவரப்போகும் இரண்டு படகுகள்' என்பது மட்டும் தெரிந்தது. அப்புறம் ஒரே இருட்டு.

மறுநாள் மத்தியானம் டபிதா நேரில் வந்துவிட்டாள். வந்தவள் நெட்டியைப் பார்த்தாள். நெட்டி சட்டியைப் பார்த்தாள்.

"கேப்டன், புகாரைத் திரும்ப வாங்கிடுங்க."

"ஏன்?"

"சொல்லக் கூடாது."

"விஷயம் அவ்வளவு மோசமா?"

"மோசம்னு நான் சொல்லலையே."

"அப்ப நல்லதா?"

டபிதா வாயைத் திறந்தாள். சத்தியம் ஞாபகம் வந்தது போலும்; தட்டில் இருந்த டாட்டில் மிளகாயை முழுசாக எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டாள். அந்த மிளகாயை எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளே நாலாகக் கிள்ளித்தான் தின்பார்கள். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. நெட்டி ஓடிப்போய் மோர் கொண்டுவந்தாள்.

பார்ட்டோலோ உருகிப்போனார். நம் கஷ்டத்துக்கு வக்கீலே அழுகிறாள் என்றால் அந்த ஹோய்ட் என்ன அக்கிரமம் செய்திருக்க வேண்டும். அன்றே இரண்டாவது புகாரைச் சொல்ல ஆரம்பித்தார். நெட்டி தட்டச்சு செய்தாள். அந்த இரண்டு படகும் குளிக்கிற தொட்டிக்குக்கூட லாயக்கில்லாதவை. ஹோய்ட்டுக்குப் படகு கொடுக்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் ஒரு திருடன்.

நெட்டியின் விரல் நின்றது. "திருடன்னு போடணுமா?"

"போடு. வாத்துக்குக்கூடக் கயிறு கட்டத் தெரியாதவன்னும் சேர்த்துக்கோ."

அவள் சேர்த்துக்கொண்டாள். ஏனோ தோள் குலுங்கியது. தனக்காக இவளும் அழுகிறாள் என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்த வாத்து வரி அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. இறால் விற்கிறவர்கள், பெட்ரோல் போடுகிறவன், பாதிரியார், யார் எதிரில் வந்தாலும் சொல்லிக் காட்டினார். ரூஃபஸ் மட்டும் அதைப் பலமுறை கேட்டிருப்பான்.

இரண்டாவது புகாருக்குப் பலன் கிடைத்தது. ஒரு நாள் காலையில் கடற்படை அதிகாரி ஒருவர் துறைக்கு வந்தார். படகுகளைப் பார்க்க வேண்டும் என்றார், வேறெதுவும் சொல்லவில்லை. பார்ட்டோலோ ரூஃபஸின் விலாவில் இடித்தார். "பார்த்தியா, நம்ம டெண்டரை மறுபடி பரிசீலிக்க எடுத்துட்டாங்க."

அன்று அவர் காட்டிய வித்தையை மேபோர்ட் இன்னும் பேசுகிறது. எதிர்க்காற்றில் ஒரு போர்க்கப்பலைக் குட்டியை வைத்தே தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் கரையில் அணைத்தார். இன்ஜின் அறையில் தரையைத் துடைத்து அதன்மேல் ரொட்டியை வைத்துத் தின்று காட்டினார். அதிகாரிக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

"இந்தப் படகுல ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்," என்றார்.

"ஒண்ணுமில்ல கேப்டன். இதைத்தான் தெரிஞ்சுக்க வந்தேன்," என்று சொல்லி, அதிகாரி திருப்தியாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் தீர்ப்பு வந்தது. புகார் தள்ளுபடி. ஹோய்ட் கொண்டுவரும் படகுகளை நேரில் சோதித்தாயிற்று, இந்தத் துறைமுகத்தில் அவற்றுக்கு இணையே இல்லை, வேலை ஹோய்ட்டுக்கே.

"இணையே இல்லையாமே," என்று பார்ட்டோலோ முனகினார். "என் ரோசாலியாவைப் பார்த்த கண்ணாலயே இதை எழுதியிருக்கான். எவன் அந்தப் படகுக்காரன்? ஒரு தடவை நேர்ல பார்க்கணும் நெட்டி. மூஞ்சிக்கு நேரா கேட்கணும்."

"பார்க்கலாம், பார்க்கலாம். கையைக் கழுவிட்டு வா," என்றாள் அவள்.

மேஜையைப் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. இறால் சோறு, வறுத்த மீன், சிப்பிக் குழம்பு. டபிதா வேறு வந்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இந்த முறை மிளகாய்ப் பக்கம் போகவில்லை. தோற்றதற்கு யாராவது விருந்து வைப்பார்களா என்று அவர் வாசலிலேயே நின்றார். ரூஃபஸிடம் எப்படிச் சொல்வது என்று கோடை முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகளை இன்னொரு தடவை முணுமுணுத்துப் பார்த்தார்.

பெரிய கிண்ணத்தைக் கொண்டுவந்து நெட்டி நடுவில் வைத்தாள். பச்சை பீன்ஸ்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்கதவு திறந்தது. ரூஃபஸ் நின்றுகொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் தவளைப் பச்சை.

"கேப்டன், ஹோய்ட் ஆளுங்க பீப்பாய் பீப்பாயா பெயிண்ட் இறக்கிட்டுப் போயிருக்காங்க. முதல்ல ரோசாலியாவுக்கு அடிக்கவா, குட்டிக்கு அடிக்கவா? வாடகைக்கு நெட்டியம்மா கையெழுத்துப் போட்டாச்சாம், படகுக்காரரைக் கேட்டு அடிக்கச் சொன்னாங்க. அதான் அந்த வாத்துக்குக்கூடக் கயிறு கட்டத் தெரியாதவரைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."