மடியில் வாத்து

பணிவு நல்ல குணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மடி நிறைய வாத்துக் குஞ்சுகளை வைத்துக்கொண்டு இடுப்பை வளைத்துக் கும்பிடு போட மனிதரால் ஆகாது. ஆகும் என்பவர்கள் ஒரு தரம் செய்து காட்டட்டும், பிறகு பேசலாம். எங்கள் குடும்பத்தில் என்னை 'ஜப்பான்காரனை எதிர்த்து நின்றவள்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். (சொல்லும்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.) நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் வீராங்கனையா முட்டாளா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எதைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் மலாயாவில் தங்காக் என்ற ஊரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். துணியை விரலால் தடவியே தரம் சொல்லிவிடுவேன். ஆடு, மாடு, கோழி பற்றி ஓர் எழுத்தும் தெரியாது. அப்படிப்பட்டவளைக் கோத்தா திங்கிப் பக்கம் ஆற்றோரமாக இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணப் புடவையின் மடிப்புக் கலைவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பங்களாவில் ஜப்பானிய அதிகாரி ஒருவன் குடியேறினான். அவன் எதிரே வந்தால் ஆணோ பெண்ணோ இடுப்புவரை வளைந்து கும்பிட வேண்டும். வளையாதவர்களுக்குக் கன்னத்தில் விழும்.

தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா சவரியம்மாள். அக்காவுக்கு நிறைமாதம். அவருடைய கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அழ வேண்டியதெல்லாம் என்மேல் திட்டாக வந்துகொண்டிருந்தது. துணிக்கடைக்காரி, பொம்மை, ஒன்றுக்கும் உதவாதவள் என்று நாளுக்கு ஒரு பட்டம் கொடுத்தார். கொடுத்தது தப்பும் இல்லை.

சாப்பாடு என்று பார்த்தால், காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, இரவில் ஒரு மாறுதலுக்கு மரவள்ளி மாவில் களி. அக்காவின் கால் வீங்கிக் கிடந்தது. பிள்ளை பிறந்தால் பால் சுரக்குமா என்பதே சந்தேகம். ஆகவே எங்கள் வீட்டின் நம்பிக்கை முழுவதையும் ஒரு வாத்து சுமந்துகொண்டிருந்தது. ஊரை விட்டுப் போன சீனக் காய்கறிக்காரர் ஒருவரிடம் என் கல்யாணப் புடவையைக் கொடுத்து அதை வாங்கியிருந்தேன். (புடவை மடிப்புக் கலையாமலே போயிற்று.) மகராசி என்று பெயர் வைத்தேன். அவளுக்கு மாப்பிள்ளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மலாய்க் கிராமத்து ஆண் வாத்து ஒருவர். இஷ்டப்பட்டபோது வருவார், போவார். கொல்லையில் மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே மகராசி அடைகாத்தாள். குஞ்சு பொரித்துவிட்டால் மறுபடி முட்டை வைப்பாள், குஞ்சுகளும் வளர்ந்து முட்டை வைக்கும், அக்காவும் பிள்ளையும் தேறிவிடுவார்கள் என்பது எங்கள் கணக்கு.

குஞ்சுகள் வெளியே வந்த அன்று நான் கொல்லையிலேயே உட்கார்ந்து அழுதேன். எங்கள் லயத்தில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்களே தவிர, புதிதாக ஓர் உயிர் வந்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் மஞ்சளாகத் தாயின் இறக்கைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தன. இவற்றை நான் வளர்த்துக் காட்டுகிறேன், என்னை யார் பொம்மை என்கிறார்கள் பார்க்கலாம் என்று மனதுக்குள் சபதம் போட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

வாத்து வளர்ப்பு எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளை பெற்றவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது தெரியும். தங்காக்கில் என் சொந்த அக்காவுக்குப் பிரசவம் ஆனபோது எங்கள் அம்மா செய்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். தாய் என்றால் தாய்தானே, இதில் வாத்துத் தாய் என்ன, மனுஷத் தாய் என்ன? பச்சை உடம்பு பச்சைத் தண்ணீரில் படக்கூடாது. எனவே வாய்க்காலுக்கு ஓடிய மகராசியின் காலில் கயிறு போட்டுக் கூண்டுக் கம்பத்தில் கட்டினேன். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் பத்தியக் கஞ்சி வைத்தேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்த மாதிரி மனிதர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. சாம்பிராணிக்கு எங்கே போவது? காய்ந்த எலுமிச்சைத் தோலையும் வேப்பிலையையும் போட்டுப் புகை காட்டினேன். கடைசியாக, வயிறு தொங்கிப் போகாமல் இருக்க, பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றுக் கட்டும் கட்டிவிட்டேன்.

கட்டி முடித்து நிமிர்ந்தால் கிராணி நிற்கிறார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதியவர். அப்போது ஜப்பான்காரனின் உத்தரவுகளை லயத்துக்குச் சுமந்து வருவதுதான் அவருக்கு வேலை.

"தங்கச்சி, பங்களாவுக்கு விருந்தாளிங்க வராங்க. வாத்த அனுப்பச் சொல்றான்."

"எப்படிங்க ஐயா அனுப்புறது? இப்பத்தான் பிள்ள பெத்துருக்கு."

"வாத்துதானம்மா."

"வாத்துன்னா என்னங்க? உங்க வீட்டுலயும் போன மாசந்தான் பிள்ள பொறந்துச்சு. பச்ச ஒடம்புக்காரிய வெளிய அனுப்பி வெச்சீங்களா?"

கிராணி மகராசியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வயித்துல என்னம்மா அது?"

"வயித்துக் கட்டுங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் போயி சொல்லிப் பாக்குறேன். அவன் கேக்க மாட்டான் லா," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஜெயித்த கையோடு குஞ்சுகளுக்கு எண்ணெய்க் குளியல் நடத்தக் கிளம்பினேன்.

தேங்காய் எண்ணெய் கண்ணில் பட்டு நாளாகியிருந்தது. அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கென்று பத்திரப்படுத்தியிருந்த செம்பனை எண்ணெய் ஒரு போத்தல் இருந்தது. ரத்தம் மாதிரி சிவப்பாக இருக்கும். அதில் மஞ்சளைக் குழைத்து, காலை நீட்டி உட்கார்ந்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் காலில் கிடத்தித் தேய்த்தேன். கையை நீவினேன், காலை நீவினேன், மூக்கு எடுப்பாக வரவேண்டும் என்று மூக்கையும் நீவினேன். (வாத்து மூக்கை நீவினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். நான் அப்போது சின்னப் பெண்.) பிறகு வெந்நீர்ச் சட்டியில் விட்டேன்.

மிதக்கவில்லை. வாத்துக் குஞ்சு தண்ணீரில் முங்கும் என்று உலகத்தில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? மெத்தென்று இருந்த பஞ்சு முடியெல்லாம் எண்ணெயில் ஒட்டி, தண்ணீர் குடித்து, மஞ்சள் பந்துகள் தோல் உரித்த எலிகளைப் போல ஆகிவிட்டன. நான் அலறிக்கொண்டு அள்ளினேன். ஒன்று மட்டும் மீளவில்லை. அதைக் கையில் வைத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றேன். மற்றவை வெடவெடவென்று நடுங்கின. மகராசி கயிற்றின் நீளம் வரை ஓடி வந்து என் ஆடுசதையைக் கவ்வினாள். நியாயமான கடிதான்.

சத்தம் கேட்டு அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். போத்தலைப் பார்த்தார், குஞ்சுகளைப் பார்த்தார், முழங்கைவரை சிவந்திருந்த என்னைப் பார்த்தார். "உன்னக் கட்டிட்டு வந்த என் தம்பியச் சொல்லணும்," என்றார். "நிக்காதடி, மடியில போட்டுச் சூடு காட்டு, சாவப் போவுது எல்லாம்."

சேலை முந்தானையை வாரி இடுப்பில் மடியாகச் செருகி, குஞ்சுகளை உள்ளே போட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்து உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. அப்பாடா என்று நான் அதே எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்புறம் பூட்ஸ் சத்தம் கேட்டது. பிள்ளை பெற்ற வாத்து என்றால் என்ன என்று பார்க்க அதிகாரியே வந்துவிட்டான். பின்னால் கிராணி, முகத்தில் ஈயாடவில்லை.

கிராணி தான் வளைந்து காட்டி, என்னையும் வளையச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினார். நான் குனியப் பார்த்தேன். சத்தியமாகக் குனியத்தான் பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்ததும் ஒரு குஞ்சு மடியின் விளிம்புக்கு வந்து தலையை நீட்டியது. இன்னும் ஓர் அங்குலம் சாய்ந்தால் மொத்தமும் பூட்ஸ் காலடியில் விழும். ஒன்றைக் கொன்றது போதும் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்றுவிட்டேன்.

அறை விழுந்தது. காதில் தோட்டத்துச் சங்கு ஊதியது. நான் தடுமாறியதில் மடி அவிழ்ந்து, எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. சிவப்பாக, முடி ஒட்டி, புகை நாற்றம் அடிக்கும் உருண்டைகள் ஒவ்வொன்றாகப் பொத்துப் பொத்தென்று அவன் முன்னால் விழுந்தன. அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான். என் கன்னத்து எண்ணெயும் மஞ்சளும் அதில் சீழும் ரத்தமும் போல அப்பியிருந்தன.

வாசலில் இருந்து அக்காவின் குரல் கேட்டது. "துவான், ஈத்தே சாக்கிட். ஓராங் பூன் சாக்கிட்." துரையே, வாத்துக்கும் சீக்கு, ஆளுக்கும் சீக்கு என்று மலாய்மொழியில் கூசாமல் சொல்லிவிட்டு, முந்தானைக்குள் சிலுவை போட்டுக்கொண்டார். மகராசி வயிற்றுக் கட்டு அவிழ்ந்து வாலாகத் தொங்க, கயிற்றை இழுத்துக்கொண்டு ஊளையிட்டாள். இந்தக் குடும்பத்துக்கே சீக்கு என்று யாரும் நம்பியிருப்பார்கள்.

ஆனாலும் அவன் அதிகாரியாயிற்றே. என்னைப் பார்த்து, தரையைக் காட்டி, கும்பிடு என்று மறுபடி சைகை செய்தான். இப்போது மடியில் ஒன்றும் இல்லை. குனிவதற்குத் தடையே கிடையாது. ஆனால் என் முதுகு வளையவில்லை. சயாமுக்குப் போனவர் நினைவுக்கு வந்தார், வீங்கிய கால்கள் நினைவுக்கு வந்தன, வெந்நீர்ச் சட்டியும் நினைவுக்கு வந்தது. போடா என்று இருந்தது. அவன் கையை ஓங்கினான். ஓங்கிய கையின் சிவப்பு அவன் கண்ணிலேயே பட்டது. கையை இறக்கி, கிராணியின் சட்டையில் துடைத்தான். எல்லாவற்றையும் கொன்று எரிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கிராணி மட்டும் ஒரு நிமிஷம் நின்றார். "ரெண்டாவது தரம் ஏம்மா குனியல?" என்று கேட்டார். நான் கீழே விழுந்த குஞ்சுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அவர் தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். "செம்பனை எண்ணெய்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார். அவர் அதைப் பங்களாவில் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"இப்பப் போடுடி பொக," என்றார் அக்கா. காய்ந்த சருகையெல்லாம் குவித்து, பங்களாவுக்குத் தெரிகிற மாதிரி எரித்தோம். குஞ்சுகளைத் தாயிடம் விட்டேன். மகராசி அவற்றைக் கோதிக் கோதி, நான் செய்த அநியாயத்தை ஒரு வழியாக அலகாலேயே சரி செய்தாள். அதற்குப் பிறகு அவை செத்துப்போன வாத்துகள். மரவள்ளிக் கொல்லையின் நடுவில் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்தன. விருந்தாளிகள் வாத்து இல்லாமலே சாப்பிட்டுப் போனார்கள். சாயங்காலம் காடு வெட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், வீங்கிய கன்னத்தையும் காலிப் போத்தலையும் மாறி மாறிப் பார்த்து, "நான் காலைல போறப்ப எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு," என்றார்.

அக்காவுக்குப் பெண் பிறந்தாள். எண்ணெய் இல்லாமல் வெறும் வெந்நீரில் குளித்தாள், மூக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. மகராசியின் முட்டைகளில் அக்கா தேறினார். சயாமுக்குப் போனவர் திரும்பவே இல்லை. மகராசி சாகும்வரை என்னைக் கண்டால் மட்டும் துரத்திக் கடித்தாள்.

'மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்' என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழி செல்லாது. பெரிய மனிதர் எதிரே யாராவது விறைப்பாக நின்றால், "மடியில வாத்து இருக்கா?" என்றுதான் கேட்போம். ஆரம்பித்து வைத்தவர் அக்காதான். என்னைப் பொம்மை என்று கூப்பிடுவதை அன்றோடு விட்டிருந்தார்.

பல வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு மாதா கோயிலில் கல்யாணம். தகப்பன் இடத்தில் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவள் நேராக, தலையை நிமிர்த்தி, வந்தவர்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், "பொண்ணுன்னா கொஞ்சம் தலையக் குனிஞ்சு வாம்மா," என்றார்.

அவள் நிற்கவில்லை, குனியவும் இல்லை. அத்தையான என் பக்கம் திரும்பி, "முடியாது லா அத்த, மடியில வாத்து இருக்கு," என்றாள். அந்த அம்மாள் அவள் மடியைத் திகைத்துப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த சவரியம்மாள் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.