பூங்கொடி இறங்கவேண்டிய நிறுத்தம்

அடுத்தவருக்கு உதவாமல் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கடினமான வேலை உலகத்தில் கிடையாது. எனக்கு அதற்குத்தான் சம்பளம். புதிதாக எதையும் கற்றுக்கொள்ளக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறவர்களுக்காக மொபைல் செயலிகள் செய்கிறோம். அவர்கள் பயன்படுத்திப் பார்க்கும்போது கூடவே இருக்க வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. (வாயை மூடிக்கொண்டிருக்க ஒருத்தனுக்குச் சம்பளமா என்று அப்பா இன்னும் கேட்கிறார்.)

எங்கள் பஸ் செயலியைச் சோதிக்க முன்வந்தவள் கிணத்துக்கடவுச் சித்தியின் மகள் பூங்கொடி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரியில் அவளுக்கு வேலை காத்திருந்தது. தனியாகப் போய்வருவாள் என்று தெரிந்தால்தான் அனுப்புவேன் என்று சித்தி சொல்லிவிட்டார்.

"நாந்தான் கூடப் போறனே, கவலையே வேண்டாமுங்க சித்தி" என்று மார்தட்டினேன்.

உக்கடத்தில் டவுன் பஸ் ஏறினோம். அவள் முன்னால், நான் இரண்டு வரிசை பின்னால். ஆர்.எஸ்.புரம் வந்ததும் செயலி "இறங்குங்கள்" என்றது. பூங்கொடி எழுந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவள் படிக்கட்டுக்குப் போகாமல் பக்கத்து சீட்டுப் பெண்மணியிடம் திரும்பினாள்.

"போய்ட்டு வாரனுங்க அக்கா."

"எந்த ஊரு அம்மணி?"

அடுத்து கண்டக்டரிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். நாலு பேரிடம் சொல்லாமல் கிளம்பும் வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே இல்லை. அதே குடும்பத்தில் பிறந்த நான், செயலியில் இறங்குவதற்கு மட்டும்தான் நேரம் ஒதுக்கியிருந்தேன்.

அதற்குள் பஸ் நகரத் தொடங்கியது. உதவக்கூடாது என்ற விதியெல்லாம் மறந்துபோய், பஸ்ஸைத் தடுத்து நிறுத்தும் வீரனாகப் பின்படிக்கட்டிலிருந்து ரோட்டில் குதித்தேன். பஸ் போய்விட்டது. என் பை, அதிலிருந்த மொபைல், குதித்த வேகத்தில் கழன்ற வலது செருப்பு எல்லாம் அதனுள்ளே.

பூங்கொடியைத் தொலைத்துவிட்டேன், அவள் வேலையும் போயிற்று, சித்தி முகத்தில் எப்படி விழிப்பேன்? நடுரோட்டில் அழுகையே வந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு ஓடினேன். எதிரே பூங்கொடி நிதானமாக நடந்து வந்தாள். அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டரிடம் இன்னொரு முறை சொல்லிக்கொண்டு இறங்கினாளாம். தோளில் என் பை, கையில் என் செருப்பு, காதில் அவள் மொபைல். மறுமுனையில் சித்தி.

"அண்ணனத் தொலச்சுப்போட்டனுங்கம்மா. இப்பக் கெடச்சுட்டாரு. ரோட்டுல அழுதுட்டு நிக்கிறாரு."

சித்தி அனுமதி கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, நான் கூடப் போகக்கூடாது. எங்கள் செயலி இப்போது ஒரு நிறுத்தம் முன்பே, "எல்லாருகிட்டயும் சொல்லிக்கோங்க" என்று நினைவூட்டுகிறது. பூங்கொடி தினமும் வேலைக்குப் போய்வருகிறாள். எனக்குத்தான் விடிவில்லை. கல்யாண வீட்டில் கை கழுவ எழுந்தால்கூடப் பந்தியின் மறுகோடியிலிருந்து சித்தி குரல் கொடுக்கிறார்:

"பூங்கொடி, அண்ணன் எந்திரிச்சுட்டான். கூடப் போ கண்ணு!"