படத்துக்குப் பின்னால் ஒளிந்த பட்டியல்

இந்த வருடம் உயிரே போனாலும் முட்டைக்கோஸுக்கு உப்புப் போடுவதில்லை என்று பியோங்-தே தீர்மானித்திருந்தார். போன நவம்பரில், தேஜொன் குடியிருப்பின் அறுபது வீட்டுக்கும் சேர்த்துக் கிம்ச்சி ஊறுகாய் போட்ட அன்று உப்புப் போடக் குனிந்த இடுப்பு, நாலு நாள் கழித்துத்தான் நிமிர்ந்தது.

அவர் மனைவி கும்-ரான் மகளிர் சங்கத் தலைவி. யாருக்கு எந்த வேலை என்று அவரவரே தேர்ந்தெடுக்கும் இணையப் பக்கத்தை இந்த வருடம் செய்து கொடுத்தவர் பியோங்-தே. இருபது வருட மென்பொருள் அனுபவம் சும்மாவா? வேலைகளில் அன்றைய விருந்துக்குப் பன்றிக்கறி வேகவைப்பதை மட்டும் உட்கார்ந்தே செய்யலாம். நடுநடுவே ருசியும் பார்க்கலாம். அதற்கு ஒரே ஓர் இடம்.

காலை ஒன்பதுக்குப் பக்கம் திறந்தது. பொத்தானை அழுத்தியதும் இறங்கிய வேலைப் பட்டியல் கீழே இருந்த பெரிய கிம்ச்சிப் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பியோங்-தேவுக்குப் பகீரென்றது. அடுத்த நொடி மனசு குளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாததை யார் எடுப்பார்கள்? சரிசெய்த கையோடு கறியை அமுக்கிவிடலாம்.

"ஏங்க, லிஸ்ட் படத்துக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சே!"

"அஞ்சு நிமிஷம்மா."

"குழாய்க்கும் அஞ்சு நிமிஷம்னுதான் சொன்னீங்க. கடைசில வீடே மிதந்துச்சு."

திரையில் எது மேலே, எது கீழே என்று நிரலில் சொல்லும் எண்ணில் பட்டியலுக்குப் பத்து கொடுத்தார். அசையவில்லை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. லட்சம். படமோ வெறும் இரண்டை வைத்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தது. மணி பதினொன்று. இடுப்பு இப்போதே வலித்தது.

"பதறாம பண்ணுங்க. எல்லார்கிட்டயும் நான் போன்ல பேசிட்டுத்தான் இருக்கேன்."

பாவம், எனக்காகச் சமாதானம் சொல்கிறாள் என்று நெகிழ்ந்தார்.

பதினொன்றரைக்குத்தான் புத்தியில் உறைத்தது. நிரலில் பட்டியல் ஒரு பெட்டிக்குள் இருந்தது; பெட்டியே படத்துக்குக் கீழே கிடந்தது. உள்ளே இருப்பதை எவ்வளவு உயர்த்தி என்ன பயன்? பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். பட்டியல் ஜம்மென்று படத்தின் மேல் விரிந்தது.

பன்றிக்கறி: நிரம்பியது. மற்றவையும் நிரம்பியவை. உப்புப் போடுவதில் மட்டும் ஓர் இடம் காலி.

"கண்ணுக்கே தெரியல, எப்படி எடுத்தாங்க?"

"லிஸ்ட்டை எழுதிக் குடுத்ததே நான்தானே? வரிசை எனக்குத் தெரியாதா? கீழ் அம்புக்குறிய நாலு தடவ அமுக்கி என்டர் தட்டினா கறி. அவங்கவங்க வேலைக்கு எத்தன தடவன்னு எல்லாருக்கும் போன்ல சொன்னேன்."

"கறி யாருக்கு?"

"எனக்கு."

"என்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?"

"ஒம்போது மணிக்கு உங்க மூஞ்சில ஒரு சிரிப்பு வந்துச்சே, அதப் பாத்தேன். உப்புக்கு ஒரே அமுக்குதான். நீங்களே அமுக்குறீங்களா, நான் அமுக்கட்டுமா?"