பெரட்டுக்கு வந்தவர் குணமானவர்

மலேரியாவை ஒரே நாளில் குணப்படுத்தும் முறையை உலகுக்கு அளித்தவள் நான். மலேசியாவில், கோல சிலாங்கூருக்கு வடக்கே, எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிளினிக்கில், 1983இல் அது நிகழ்ந்தது. நான் அங்கே நர்ஸ்; தோட்டத்தார் வாயில் ‘மிஸ்ஸி’. இன்னும் ஒரு நாடும் என்னை அழைத்துப் பாராட்டவில்லை. அடக்கம் காரணமாக நானும் யாருக்கும் எழுதிப் போடவில்லை.

முறை எளியது. காய்ச்சல்காரருக்குக் குளோரோகுயின் பத்து மாத்திரை, மூன்று நாளில் கொடுக்க வேண்டும் என்று கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த தாள் சொல்லும். தாளுக்கு என்ன தெரியும்? நான் முதல் வேளைக்கு நாலு கொடுப்பேன். சாயங்காலம் காய்ச்சல் இறங்கும். மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆள் வந்து நிற்பார். தோட்டத்துக் கணக்கரான கிராணி சிவானந்தம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் வந்ததாகக் கோடு போடுவார். உடனே நான் என் ரிஜிஸ்டரில் ‘குணம்’ என்று எழுதுவேன். மீதி ஆறு மாத்திரை அடுத்த காய்ச்சலுக்கு ஆயத்தமாக இருக்கும்.

“பெரட்டுக்கு வந்தவர் குணமானவர்.” இந்த வரையறையை நானும் கிராணியும் ஒரு தேநீர் வேளையில் உருவாக்கினோம்.

பால்மரம் வெட்டும் புஷ்பவள்ளி அந்த ஆண்டில் நாலு முறை குணமானாள். ஐந்தாம் முறை குணமாவதற்காக, புருஷன் செல்லனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“மிஸ்ஸி, போன தடவை ரத்தம் எடுத்து டவுனுக்கு அனுப்பினீங்களே, ரிசல்ட்டு வந்துச்சா?”

“ரெண்டு வாரம் ஆகும்மா.”

“அது வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவ குணமாயிடுவேன் போல.”

பல் கிடுகிடுக்கும்போதும் அவளுக்கு வாய் அடங்காது. நான் நாலு மாத்திரையை எண்ணினேன். செல்லன் என் கையையே பார்த்தான். அவன் களைக்கு மருந்தடிக்கிறவன்.

“மிஸ்ஸி, லாலான் புல்லுக்குத் தண்ணி சேத்து அடிச்சா அது சாகாது. பழகிக்கும் லா. பெறவு முழு மருந்து அடிச்சாலும் சிரிக்கும்.”

“இது மனுசனுக்குக் கொடுக்கிற மருந்து, செல்லா. புல்லுக் கதையை இங்கே கொண்டு வராதே.”

“மருந்து மனுசனுக்கா மிஸ்ஸி, கிருமிக்கா?”

எனக்குப் பதில் தெரியாத கேள்விகளை நான் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இதைவிடக் கடுமையான மருந்து டவுனில் இருந்தது. அதை வரவழைக்க ஒரு விண்ணப்பப் பாரத்தில் ‘முதல் மருந்து பலிக்கவில்லை’ என்று மூன்று சொல் எழுதினால் போதும். பேனாவைத் திறந்தேன். என் ரிஜிஸ்டரில் ‘பலிக்காதவை’ என்ற பத்தியில் ஜனவரியிலிருந்து பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்த வாரந்தான் கம்பெனித் தலைமையகத்தார் அதற்காக எனக்கு நற்சான்றிதழ் கொண்டுவருவதாக இருந்தது. மேனேஜர் என்னை மிரட்டினார் என்று சொல்ல ஆசை. அவருக்கு அந்தப் பாரம் இருப்பதே தெரியாது. முப்பத்தாறு வயதுவரை யாரும் என்னிடம் ‘நீ செய்தது சரி’ என்று சொன்னதில்லை. அந்தப் பூஜ்யங்கள் தினமும் சொல்லின. பேனாவை மூடினேன். புஷ்பவள்ளி விழுங்கிய நாலில் இரண்டை வாந்தியெடுத்தாள். நாலென்றே எழுதினேன்.

சான்றிதழ் தந்த காலையில், விருந்தினர் முன்னிலையில் பெரட்டு நடந்தது. செல்லன் புஷ்பவள்ளியைத் தாங்கிப் பிடித்திருந்தான். அவள் கண்கள் மஞ்சளாக இருந்தன. பேர் கூப்பிட்டதும் “இருக்கேன்” என்றாள். அப்படியே விழுந்தாள்.

கிராணி என் காதருகே குனிந்தார். “விழறதுக்கு முந்தியே பதில் சொல்லிட்டா மிஸ்ஸி. வந்ததாத்தான் போடணும்.” நானும் ஐந்தாவது ‘குணம்’ எழுதினேன்.

லோரியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என் ரிஜிஸ்டரை நிதானமாகப் புரட்டினார்.

“அஞ்சு தடவை குணமான ஆளை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?”

நான் மாத்திரைக் கணக்கைச் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரை மூடினார்.

“நாலுக்குச் சாகிற கிருமியெல்லாம் செத்துப்போச்சு. சாகாததாப் பார்த்துப் பொறுக்கி வளர்த்திருக்கீங்க. இனி அது பத்துக்கும் சாகாது.”

செல்லன் அவள் கட்டிலருகே போய் நின்றான். புல்லைப் பற்றி அவன் சொன்னதையே டாக்டரும் சொல்லியிருந்தார்.

டவுனின் கடுமையான மருந்தில் பிழைத்து, பன்னிரண்டு நாள் கழித்து, பாதி உடம்பாக இளைத்து அவள் லயத்து வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்த மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சுவரிலிருந்த தாளை முதன்முதலாக முழுவதும் படித்தேன். பத்து மாத்திரை, மூன்று நாள், வேளை தவறாமல். எங்கள் தோட்டத்திலேயே முழு வைத்தியம் பெற்ற முதல் நோயாளி நான்தான். காய்ச்சல் அசையவில்லை. கிருமிக்கு என்னை நன்றாகத் தெரியும். நான் வளர்த்த பிள்ளை.

டவுனுக்குப் போகும் லோரிக்காகப் போர்வைக்குள் நடுங்கியபடி காத்திருந்தேன். புஷ்பவள்ளி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். சுவரில் மாட்டியிருந்த நற்சான்றிதழைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிக்காமல்தான் சொன்னாள்:

“பயப்படாதீங்க மிஸ்ஸி. காலையில பெரட்டுக்கு மட்டும் வந்துடுங்க. குணமாயிடும்.”